பபூன் வராத ராத்திரி

(புதுக்கோட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிப் பேச ஒருவர் வருகிறார் என்றதும், சிரித்துவிட்டுப் போகலாம் என்று சிலர் வந்திருப்பீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்கு நான் பொறுப்பில்லை. சிரிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிரிக்க வைத்ததாக வரலாறு கிடையாது.

விஷயம் இதுதான். ஒரு தொடர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாருக்கும் பிடித்த ஒரு ஆள் அதிலிருந்து போய்விடுகிறார். சம்பளத் தகராறாக இருக்கலாம், சினிமா வாய்ப்பாக இருக்கலாம், பிரசவமாக இருக்கலாம், சாவாகவும் இருக்கலாம். தொடர் நிற்பதில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு அதே பாட்டோடு ஆரம்பிக்கிறது. ஒரு மாதம் போகும். பார்க்கிறவர்கள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்க ஆரம்பிப்பார்கள். "முன்ன மாதிரி இல்ல" என்பார்கள். என்ன குறைந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பொதுவாகச் சொல்லும் பதில், போனவர்தான் அதிகம் சிரிக்க வைத்தவர், அவர் போனதால் சிரிப்பு குறைந்தது என்பது. எனக்கு அது ஒப்பவில்லை. தன் பங்குச் சிரிப்பை மட்டும் அவர் எடுத்துக்கொண்டு போயிருந்தால், மீதி ஏழெட்டுப் பேரின் பங்கு அப்படியே இருக்க வேண்டுமே? அது இருப்பதில்லை. நேற்றுவரை நன்றாகச் சிரிக்க வைத்தவர்கள்கூட ஒரே வாரத்தில் மந்தமாகிவிடுகிறார்கள். போனவர் எடுத்துப் போவது அவருடைய ஜோக்குகளை அல்ல, மற்றவர்களுடையதை. இன்றைக்கு நான் பேச வந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான சாட்சி.

சாட்சிக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. மாசியில் திருவப்பூர், பங்குனியில் நார்த்தாமலை, கொன்னையூர் என்று அம்மன் திருவிழாக்கள் தொடங்கிவிட்டால் இந்த மாவட்டத்தில் எங்காவது ஒரு ஊரில் ராத்திரி மேடை போட்டிருப்பார்கள். ஸ்பெஷல் நாடகம். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா. சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிக்கொடுத்த வழி. அவர் தூத்துக்குடிக்காரர் என்றாலும் இந்த ஊருக்கும் அவர்மேல் பாத்தியதை உண்டு. கஞ்சிராவைக் கச்சேரி வாத்தியமாக்கிய புதுக்கோட்டை மான்பூண்டியாப் பிள்ளையிடம் லயம் பயின்றவர் அவர். 1922-இல் சுவாமிகள் மறைந்தார். அவர் நாடகங்கள் இன்னும் விடிய விடிய நடக்கின்றன.

இந்த நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. மதுரையில் இருப்பதுபோல் இங்கேயும் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தேதி கேட்டு, அட்வான்ஸ் கொடுத்து ஏற்பாடு செய்கிறார்கள். நோட்டீஸில் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஆளின் பெயரும் ஊரும் இருக்கும். அந்த ராஜபார்ட்டும் அந்த ஸ்திரீபார்ட்டும் அன்று ராத்திரி மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்தாலும் பார்ப்பார்கள். ஒருவரால் வர முடியாமல் போனால் வேறொருவர் வருவார். கதை நிற்காது.

முதலில் பபூன் வருகிறார். அப்போது மேடையில் நடிகர்கள் வேறு யாரும் இல்லை. ஓரத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் வாத்தியக்காரர்கள் மட்டும். பபூன் கூட்டத்தைப் பார்த்து ஜோக் சொல்வதாகத்தான் நமக்குத் தோன்றும். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். அவர் பாதிக்கு மேல் பேசுவது மிருதங்கக்காரரிடம். அவர் "உம்" கொட்டுவார், "அப்புறம்?" என்பார், சில இடத்தில் "இதெல்லாம் ஒரு பொழப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஜோக் உடையும் இடத்தில் ஆல்ரவுண்ட் ஒரு தட்டு. அந்த உம் இல்லாவிட்டால் பபூன் தனியாகப் பேசுகிற ஆள், அவ்வளவுதான். நாம் சிரிப்பது அவர் சொன்னதைக் கேட்டு இல்லை. அதை ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து சகித்துக்கொள்வதைப் பார்த்து.

சினிமாவில் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் கவுண்டமணியும் செந்திலும். 1984-இல் 'வைதேகி காத்திருந்தாள்', 1989-இல் 'கரகாட்டக்காரன்'. வாழைப்பழக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஜோக் என்று தனியாகப் பிரித்து எழுதினால் ஒரு வரிகூடத் தேறாது. இரண்டு பழம் வாங்கச் சொன்னார், ஒன்றுதான் வந்தது, இன்னொன்று எங்கே? இது கணக்கு வாத்தியார் கேட்கிற கேள்வி. ஒருவர் கொதிக்கக் கொதிக்க மற்றவர் அசையாமல் அதே பதிலைச் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. செந்திலின் அசையாமைதான் கவுண்டமணியின் கோபத்துக்குச் சம்பளம் கொடுக்கிறது.

பிறகு கவுண்டமணி செந்தில் இல்லாத காட்சிகளிலும் ஜெயித்தார். 1992-இல் 'மன்னன்'. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுச் சினிமா டிக்கெட் வரிசையில் ரஜினியும் அவரும் நிற்கிற காட்சி இன்றும் செல்போனில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எப்படி முடிந்தது? ரஜினி செந்திலாக நடிக்கவில்லை. யாரும் அவரை அப்படி நடிக்கச் சொல்லவும் இல்லை. அங்கே கவுண்டமணி அதட்டுகிற ஆள் அல்ல, ஒரு திருட்டுத்தனத்தில் கூட்டாளி. எதிரில் நிற்கும் ஆள் மாறினார், அதனால் தானும் மாறிக்கொண்டார். இதைத் தொலைக்காட்சியில் செய்கிறவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்கு நேரமும் கிடையாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஆறு நாள் ஒளிபரப்பு, கையிருப்பில் சில நாளைக்கான எபிசோடுகள், கால்ஷீட்டை நம்பி நிற்கும் ஐம்பது குடும்பங்கள். அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் நம் வீட்டுக் கூடங்களில் எல்லாரும் பார்த்திருக்கிற அந்த அட்டை: "இனி இவருக்குப் பதில் இவர்."

அந்த அட்டையைப் பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பேசலாம். உலகத்தில் வேறு எந்தக் கலையில் இவ்வளவு துணிச்சல் இருக்கிறது? நேற்றுவரை உங்கள் மருமகளாக இருந்த பெண் இன்று வேறு முகத்தோடு காபி கொண்டுவருகிறாள், மாமியார் வாங்கிக் குடிக்கிறாள். நாமும் ஒத்துக்கொண்டோம். பல பாத்திரங்களுக்கு அது செல்லும். எங்கே செல்லாது என்பதுதான் கேள்வி.

'எதிர்நீச்சல்' தொடரை இந்த அவையில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். பார்க்காத மாதிரி உட்கார்ந்திருக்கிற ஆண்கள் சிலரைப் பார்க்கிறேன். 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கியது. திருச்செல்வம் இயக்கினார். அது நகைச்சுவைத் தொடர் இல்லை. படித்த பெண்கள் ஒரு வீட்டுக்குள் அடக்கப்படுகிற கதை. அடக்குகிறவர் ஆதிமுத்து குணசேகரன். மாரிமுத்து நடித்தார். தேனிப் பக்கத்துக்காரர், 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கியவர். 'பரியேறும் பெருமாள்' படத்தில் கதாநாயகியின் அப்பாவாக வந்து நம்மைக் கலங்கடித்தவர்.

கதைப்படி குணசேகரன் வில்லன். பெண்களை ஏசுகிறவர், தம்பிகளைப் பொம்மையாக ஆட்டுகிறவர். நியாயப்படி அவரை வெறுத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. "இந்தாம்மா ஏய்" என்று அவர் அதட்டியதை எடுத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரீல்ஸ் போட்டார்கள். அந்த வீட்டுப் பெண்களுக்காகப் பரிதாபப்பட்ட அதே பாட்டிகள் அவர் வந்தால் ஒலியைக் கூட்டி வைத்தார்கள். தொடரின் நகைச்சுவை முழுவதும் அவரைச் சுற்றித்தான் நடந்தது. அவர் அதட்டுவார். நந்தினி அடுப்படியிலிருந்து வாய்க்குள் ஒன்று முனகுவாள். தம்பி ஞானம் பாதி புரிந்து பாதி புரியாமல் அண்ணனுக்கு ஒத்து ஊதுவார். அதில் எரிச்சலாகி அண்ணன் அவரையே திட்டுவார். நந்தினியின் முனகலுக்கும் ஞானத்தின் தலையாட்டலுக்கும் ருசி வந்தது, எதிரில் இருந்தவர் தன்னையே பெரிய ஆள் என்று முழுதாக நம்பியதால்தான். மாரிமுத்து அந்தப் பாத்திரத்தைக் கேலியாக நடிக்கவில்லை. குணசேகரனுக்குத் தான் சொல்வது சரி என்பதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை. அதனால்தான் நமக்குச் சிரிப்பு வந்தது.

2023 ஆகஸ்ட்டில் 'ஜெயிலர்' வெளியானது. அதிலும் அவர் இருந்தார். அடுத்த மாதம், செப்டம்பர் 8 காலை, எதிர்நீச்சலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. இறந்துவிட்டார்.

தொடர் நிற்கவில்லை. சில வாரங்கள் குணசேகரன் வீட்டில் இல்லாமலே கதை ஓடியது. எனக்கு அந்த வாரங்கள் பிடித்திருந்தன, பலருக்குப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். ஆள் இல்லை, ஆனால் எல்லாரும் அவரைப் பற்றியே பேசுகிறார்கள், அவருக்குப் பயப்படுகிறார்கள். முனகலுக்கும் தலையாட்டலுக்கும் இன்னும் ஒரு திசை இருந்தது.

அக்டோபரில் வேல ராமமூர்த்தி வந்தார். அவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெருநாழிக்காரர், 'குற்றப் பரம்பரை' எழுதியவர், 'மதயானைக் கூட்டம்', 'கிடாரி' போன்ற படங்களில் கண் அசைவிலேயே பயமுறுத்தியவர். அவரைத் தேர்ந்தெடுத்ததில் யாரும் குறை சொல்ல முடியாது. சொல்லப்போனால் நிஜமாகப் பயமுறுத்துவதில் மாரிமுத்துவைவிட வல்லவர். தொந்தரவும் அங்கேதான் ஆரம்பித்தது என்பது என் கட்சி. நிஜமாகவே பயமாக இருக்கிற ஒருவருக்கு எதிரில் நந்தினி முனகினால் சிரிப்பு வராது, ஐயோ அடிவாங்கப் போகிறாளே என்றுதான் இருக்கும். ஞானத்தின் அசட்டுத்தனம் அசட்டுத்தனமாகத் தெரியாது, உயிர்ப்பயமாகத் தெரியும். அந்த நடிகர்கள் எல்லாரும் நேற்று செய்ததையேதான் செய்தார்கள். வேல ராமமூர்த்தியும் நன்றாகச் செய்தார். அவரிடம் கொடுக்கப்பட்டது ஒரு பாத்திரம் அல்ல, ஒரு இறந்த மனிதரின் நடை. அதைத் தூக்கிக்கொண்டு யாரால் நடக்க முடியும்? 2024 ஜூனில் தொடர் முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடி தொடங்கினார்கள், அவரே குணசேகரனாக. இரண்டாவதில் அவருடைய இறுக்கம் தளர்ந்திருந்ததாக எனக்குப் பட்டது. பார்க்கிற நமக்கும் ஒப்பிடுகிற வேகம் தணிந்திருந்தது.

இங்கே ஒரு கேள்வி வரும். ஸ்பெஷல் நாடகத்தில் நாரதர் வேஷத்துக்கு இன்று இவர், நாளை அவர், யாரும் அழுவதில்லை. தொலைக்காட்சியில் மட்டும் ஏன் இந்தப் பாடு?

வள்ளி முருகனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பது மேடைக்கு முன்னால் பாயை விரித்துப் படுத்திருக்கிற பிள்ளைக்கும் தெரியும். கதை நமக்குச் சொந்தம். அதனால் நடிகர் வேறு ஆளாக இருப்பதே சுவை. இந்த நாரதரோடு இந்த வள்ளி எப்படித் தர்க்கம் செய்யப் போகிறாள், அவர் ஒரு சொல்லைப் பிடித்து மடக்கினால் இவள் எங்கே திருப்புவாள், அதைப் பார்க்கத்தான் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறோம். பதில் சரியாக இருந்தால் அந்த இடத்திலேயே ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்தக்கூட ஆள் எழுந்து வருவார். தொடரில் அப்படி இல்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது, பல சமயம் எழுதுகிறவருக்கும் தெரியாது. கதை கையில் இல்லாதபோது நமக்குப் பிடிமானம் முகம் ஒன்றுதான். அதையும் மாற்றினால் எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவது?

சரி, மாற்றாமலே விட்டால்? அதற்கும் சாட்சி உண்டு. 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' என்ற இந்தித் தொடர். குஜராத்தி எழுத்தாளர் தாரக் மேத்தா சித்ரலேகா வார இதழில் எழுதிய பத்தியிலிருந்து பிறந்தது. 2008 ஜூலையில் தொடங்கி நாலாயிரம் எபிசோடைத் தாண்டிவிட்டது. மும்பையில் ஒரு குடியிருப்பு, எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் ஜேட்டாலால், அவர் மனைவி தயா. தயாவாக நடித்த திஷா வகானி 2017-இல் பிரசவ விடுப்பில் போனார். திரும்பி வரவில்லை. தயாரிப்பாளர்கள் பல வருஷங்களுக்கு வேறு யாரையும் அந்த இடத்தில் வைக்கவில்லை. தயா அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். "வருகிறாள், வந்துகொண்டே இருக்கிறாள்" என்று கதை அவ்வப்போது ஆசை காட்டும். ஜேட்டாலாலாக நடிக்கும் திலீப் ஜோஷி அபாரமான நடிகர். ஆனால் அவருடைய நகைச்சுவை, வீட்டுக்குள் ஒரு பெண் காரணமே இல்லாமல் கர்பா ஆடத் தொடங்கும்போது தலையில் கையை வைத்துக்கொள்கிற மனிதனின் நகைச்சுவை. ஆடுகிறவள் இல்லாத வீட்டில் அந்தக் கை எதற்கு? கதை பக்கத்து வீடுகளுக்கும் காம்பவுண்டுக்கும் நகர்ந்தது. எட்டிப் பார்த்து ஒரு வரி சொல்லிவிட்டுப் போக வேண்டியவர்கள் அரை மணி நேரத்தைத் தூக்கிச் சுமந்தார்கள். தொடர் சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது ஒரு பழக்கமாகிவிட்டது. பழக்கத்துக்கு ஆயுள் கெட்டி.

அமெரிக்காக்காரர்கள் இதில் நம்மைவிடச் சூடுபட்டவர்கள், அதனால் ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். 'மாஷ்' என்று ஒரு தொடர், கொரியப் போரின் மருத்துவ முகாம், 1972 முதல் 1983 வரை ஓடியது. எல்லாரும் விரும்பிய கர்னல் பிளேக் போனபோது இன்னொரு அசடான கர்னலைக் கொண்டுவரவில்லை. பழைய ராணுவ ஒழுங்கு மாறாத கர்னல் பாட்டர் வந்தார். மேலதிகாரியை ஏய்த்துப் பழகிய டாக்டர்கள், ஏய்க்க முடியாத மேலதிகாரியோடு புதிதாகக் குடும்பம் நடத்த வேண்டியிருந்தது. அதில் புதுச் சிரிப்பு பிறந்தது. 'சியர்ஸ்' தொடரில் கதாநாயகிபோல இருந்த டயான் 1987-இல் போனபோதும் இதே உபாயம்தான். வேலைக்காரப் பெண் போனாள், மேனேஜராக ஒருத்தி வந்தாள். தொடர் 1993 வரை நின்றது. 'தி ஆபீஸ்' வேறு வழியில் போனது. மேனேஜராக நடித்த ஸ்டீவ் கரெல் 2011-இல் விலகியதும் ஓரத்தில் இருந்த ஒருவரை அந்த மேனேஜர் நாற்காலியில் தூக்கி வைத்தார்கள். இரண்டே சீசன். சம்பளம் உயர்ந்த குமாஸ்தா சிரிக்க வைப்பதில்லை.

நம் ஊரில் கிரேஸி மோகன் இந்த ஆபத்தைத் தொடக்கத்திலேயே ஓரளவு தவிர்த்திருந்தார். அவர் நாடகங்களில் கதாநாயகன் மாது, நாயகி எப்போதும் ஜானகி. நடிகைகள் மாறுவார்கள், ஜானகி இருப்பாள். நாற்பது வருஷம் பார்த்த சென்னை சபா ரசிகருக்கு ஜானகி என்றாலே, மாது எந்தப் பொய்யை எவ்வளவு நேரம் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்பது தெரிந்துவிடும். நாரதர் வேஷம் மாதிரி அது ஒரு வேஷமாகிவிட்டது. 2019 ஜூன் 10 அன்று மோகனே போய்விட்டார். தம்பி மாது பாலாஜி குழுவை நடத்துகிறார், பழைய நாடகங்களுக்கு இன்றும் கூட்டம் வருகிறது. எழுதுகிறவர் போனால் என்ன ஆகும் என்பது இன்னொரு சொற்பொழிவு.

போனவர் திரும்பி வந்த ஒரு கதையைச் சொல்லி முடிக்கிறேன். 1944 நவம்பரில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை, அந்த வழக்கில் டிசம்பரில் தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைது. 1947 ஏப்ரலில் விடுதலை. இடையில் ஏறக்குறைய இரண்டரை வருஷம். அந்தக் காலத்துத் திரை நகைச்சுவை முழுக்கக் கலைவாணரும் டி.ஏ. மதுரமும் சேர்ந்த ஜோடி. மதுரம் வேறொரு கலைவாணரைத் தேடவில்லை. எஸ்.வி. சகஸ்ரநாமம் துணையாக நிற்க நாடகக் குழுவை நடத்தினார். 'பைத்தியக்காரன்' படமும் அந்தக் கூட்டத்தின் முயற்சிதான். சேதாரம் இல்லாமல் இல்லை. கே.ஆர். ராமசாமி பிரிந்துபோய்த் தனிச் சபா தொடங்கினார், அங்கே அண்ணாவின் நாடகங்கள் ஏறின. ஆனாலும் கலைவாணர் வெளியே வந்தபோது அவர் உட்கார இடம் இருந்தது. 1949-இல் 'நல்லதம்பி', பக்கத்தில் மதுரம்.

பாகவதருக்கு அந்த இடம் இல்லை. விடுதலையான பிறகு அவர் எடுத்த படங்கள் பழைய வெற்றியைத் தொடவே இல்லை. ரசனை மாறிவிட்டது, கடன், மனக்கசப்பு என்று பல காரணம் சொல்வார்கள், எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். நான் ஒன்றைச் சேர்க்கிறேன். பாகவதர் தனியாக நின்று பாடியவர். அவருக்கு எதிரில் யாரும் உம் கொட்டிக்கொண்டிருக்கவில்லை, அவர் இல்லாதபோது அந்த நாற்காலியைத் துடைத்து வைக்கவும் யாரும் இல்லை. அந்த வருஷங்களில் பாடி நடிக்கும் கதாநாயகனாகத் தமிழ்நாடு யாரைப் பார்த்தது என்பதைப் புதுக்கோட்டையில் வந்து நான் சொல்ல வேண்டுமா? உங்கள் பி.யு. சின்னப்பா. அவர் பாகவதர் மாதிரி பாடவில்லை, பாகவதர் மாதிரி நிற்கவும் இல்லை. சிலம்பம் சுற்றினார், கத்திச் சண்டை போட்டார், 'உத்தம புத்திர'னில் இரட்டை வேஷம் கட்டினார். 1951-இல் முப்பத்தைந்தாவது வயதில் அவரும் போய்விட்டார். அவருக்குப் பதில் யார் என்று இந்த ஊர்ப் பெரியவர்களுக்குள் அந்தக் காலத்தில் நடந்த சண்டை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், மைக் கீழே வருகிறது, நீங்கள் பேசுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன்.